வலிக்காத முழங்கால்

இருபத்தைந்து பெயர்கள். கில்சூ மேலிருந்து கீழே ஒருமுறையும் கீழிருந்து மேலே ஒருமுறையும் படித்தான். அவன் பெயர் இல்லை. போன வருடம்தான் பள்ளிக்கூடம் முடித்து வந்த, முகப்பரு இன்னும் ஆறாத மூன்றாவது கேட்சரின் பெயர்கூட இருபத்திரண்டாவதாக இருந்தது.

பட்டியலைப் போட்டது அணி அல்ல. அவன் ஆடும் ஜொன்ஜு நாரைகள் பேஸ்பால் அணியின் ரசிகர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கம் அது. ஆனால் அவர்கள் கணக்கு அதிகம் பிசகாது என்பது கில்சூவுக்குத் தெரியும். இந்த வருடம் அவன் எத்தனை ஆட்டங்களில் வெளியே உட்கார்ந்திருப்பான் என்று மார்ச் மாதத்திலேயே சொன்னவர்கள் அவர்கள். இரண்டே ஆட்டம்தான் தப்பியது.

"பேக் கில்சூவை விட்டுட்டீங்களே?" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

"அவரை யாருங்க எடுப்பா? வீட்டு வாசல்ல இலவசமா இறக்கி வெச்சாலும் திருப்பி அனுப்பிடுவாங்க" என்று பதில் வந்திருந்தது. அந்தப் பதிலை நூற்றுப் பன்னிரண்டு பேர் ரசித்திருந்தார்கள்.

கில்சூவுக்கு ரோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. நாரைகள் அணி அந்த நவம்பரில் காங்னுங் திமிங்கலங்கள் அணியின் முதல் மட்டையாளரை விலைபேசிக் கூட்டி வந்திருந்தது. அதற்கு ஈடாக ஓர் ஆளைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. நாரைகள் தாங்கள் விட மாட்டாத இருபத்தைந்து பேரை எழுதி வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ரகசியமாக அனுப்ப வேண்டும். மிச்சமிருப்பவர்களில் யாரை வேண்டுமானாலும் காங்னுங் தூக்கிக்கொண்டு போகலாம். போகிற ஆளைக் கேட்கும் வழக்கம் கிடையாது.

காங்னுங்கின் கேட்சர்களில் ஒருவனுக்குத் தோள்பட்டை அறுவை சிகிச்சை. இன்னொருவன் அடுத்த மாதம் ராணுவ சேவைக்குப் போகிறான். 'காங்னுங்குக்கு இப்போது தேவை, குந்தி உட்காரத் தெரிந்த ஓர் ஆள்' என்று செய்தித்தாளே எழுதியிருந்தது. கில்சூவுக்குக் குந்தி உட்காரத் தெரியும். மட்டையாளருக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கும் கேட்சராகப் பதினோரு வருடமாக அதுதான் வேலை.

அந்தப் பதினோரு வருடத்தில் நான்கு ஊர்கள். மகள் சோயுலுக்கு ஒன்பது வயதில் மூன்றாவது பள்ளிக்கூடம். மனைவி ஹேரிம் ஒவ்வொரு ஊரிலும் யாரோ ஒருத்தியின் முடிதிருத்தகத்தில் சம்பளத்துக்கு நின்றவள். செப்டம்பரில்தான் ஜொன்ஜுவில், சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் ஐந்து வருட ஒப்பந்தத்தில் சொந்தமாக ஒரு கடை பிடித்தாள். பெயர்ப்பலகை மாட்டிய அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த கில்சூவிடம், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"சோயுல் அப்பா, இனிமே மாத்தினாங்கன்னா நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

சிரித்தாளே தவிர, அது வேடிக்கைப் பேச்சு இல்லை.

கில்சூ அவளிடம் ஒன்றும் சொல்லாமல் சுன்போ அண்ணனைப் பார்க்கப் போனான். சுன்போ ஒருகாலத்தில் பந்து வீசிய பிட்சர். இப்போது பன்றிக்குடல் சுட்டு விற்கிறார். அடுப்புக்கரியைக் கிளறிக்கொண்டே முழுக்கதையும் கேட்டார்.

"முழங்கால் போன கேட்சரை எவனாவது எடுப்பானா?" என்றார்.

"எனக்கு முழங்கால் நல்லாத்தானே இருக்கு அண்ணே."

"அது உனக்குத் தெரியும். காங்னுங்காரனுக்குத் தெரியுமா? வாயைத் திறந்து பொய் சொல்ல வேண்டாம். கொஞ்சம் நொண்டி நட. பார்க்கிறவன் மிச்சத்தை அவனே சொல்லிப்பான்."

மூலை மேஜையில் ஒரு விளையாட்டு நிருபர் மக்கோலி என்கிற அரிசிக்கள் குடித்துக்கொண்டிருந்தார். கில்சூ எழுந்து, மேஜை விளிம்பைப் பிடித்து, வலது காலை இழுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய் வந்தான். வரும்போது நிருபர் என்ன ஆச்சு என்று கேட்டார். ஒன்றுமில்லை, ஒன்றுமே இல்லை, தயவுசெய்து எழுதிவிடாதீர்கள் என்று கில்சூ கெஞ்சினான். புதன்கிழமை காலையில் அது செய்தியாக வந்திருந்தது.

அதை முதலில் படித்தது, ஹேரிமின் கடையில் தலைக்குச் சுருள் போட்டுக்கொண்டிருந்த காய்கறிக்காரி. ஹேரிம் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தாள். உண்மையைச் சொல்ல கில்சூவுக்கு அது நல்ல நேரம். ஆனால் அதைச் சொன்னால் பட்டியலைச் சொல்ல வேண்டும். பட்டியலைச் சொன்னால் காங்னுங்கைச் சொல்ல வேண்டும். அவன் நொண்டினான்.

அவள் அவனை அக்குபங்சர் ஊசி வைத்தியரிடம் இழுத்துப் போனாள். முழங்காலைச் சுற்றிப் பதினான்கு ஊசிகள். விஷயம் அறிந்த மாமியார் பஸ்ஸில் ஒரு பானை மாட்டு முழங்கால் சூப் அனுப்பினாள். மூன்று வேளையும் அதுதான். ஊசி குத்திய இடம் சாயங்காலம் வீங்கிவிட்டதால் அன்றைக்கு அவன் நடிக்க வேண்டிய சிரமமே இருக்கவில்லை.

"இத்தனை நாளா எங்கிட்ட மறைச்சீங்களே" என்று ஹேரிம் அவன் காலைத் தன் மடியில் வைத்து நீவிவிட்டாள். கல்யாணமான புதிதில் அவள் அப்படிச் செய்ததுண்டு. கில்சூ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் கூ அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். அணி அலுவலகத்தில் இருபது வருடமாகக் கடிதம் தட்டச்சு செய்பவள். செயலாளர் இம் உடனே ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார், பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு என்றாள்.

கில்சூவுக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாது, தசைப்பிடிப்பு என்று சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். பதினோரு வருடம், தினமும் நூற்றைம்பது தடவை குந்தி எழுந்தவன் முழங்காலைப் படம் எடுத்தால் என்ன தெரியும் என்பதை அவன் யோசிக்கவில்லை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். எலும்புக்கு நடுவில் இருக்க வேண்டிய மெத்தை பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது.

"இதை வெச்சுக்கிட்டு எப்படி நடக்கறீங்க?" என்று கேட்டார்.

"வலியே இல்லைங்க டாக்டர்."

"வலி தெரியாம மரத்துப் போற நிலைமை அது. அதுதான் மோசம்" என்று டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

செயலாளர் இம் வெளியே நாற்காலியில் காத்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். அறிக்கையை இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தக் காலோடயா எங்களுக்காக உட்கார்ந்தே? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கில்சூ."

நன்றாக ஓய்வெடு என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அணிகளில் அப்படித் தோளில் தட்டப்பட்டவர்களைக் கில்சூ பார்த்திருக்கிறான். அவர்கள் யாரும் அடுத்த வருடம் இருந்ததில்லை. காங்னுங்குக்குப் பயந்து நொண்டப்போய் ஜொன்ஜுவே தன்னைக் கைகழுவப் பார்க்கிறது என்று அவனுக்குத் தோன்றியது. முப்பத்து நான்கு வயதில் வெளியே அனுப்பினால் சுன்போ அண்ணனின் அடுப்புக்கரிதான் கதி.

சுன்போவுக்குத் தொலைபேசியில் சொன்னான். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "அப்போ கால் நல்லாருக்குன்னு காட்டிடு" என்றார். காங்னுங்குக்குத் தெரியாமல் இம்முக்கு மட்டும் காட்டுவது எப்படி என்று கேட்டதற்கு, அடுப்பில் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் நாரைகள் அணி, குளிர் தொடங்குவதற்கு முன் வருடா வருடம் செய்வதுபோல, மலைச்சரிவுக் குடிசைகளுக்குக் கரிக்கட்டி சுமந்து கொடுக்கப் போனது. இம் ஒரு வருடமும் அதற்கு வராமல் இருந்ததில்லை. கால் சரியில்லாதவன் எதற்கு வந்தாய் என்று எல்லோரும் கேட்க, கில்சூ முதுகுக் கூடையை மாட்டிக்கொண்டான். மற்றவர்கள் எட்டுக் கட்டி ஏற்றினால் அவன் பதினாறு. நூற்று நாற்பது படிகள். அவன் ஓடினான். மேலே போய்க் குந்தி, ஒவ்வொரு கட்டியாக இறக்கிவைத்து, எழுந்து, மறுபடி கீழே ஓடினான். பன்னிரண்டு நடை. குடிசைக் கிழவர் ஒருவர் அவனைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். இம் எங்கே என்று அவன் அப்போதுதான் நிமிர்ந்து சுற்றிலும் தேடினான்.

பட்டியல் அனுப்ப வேண்டிய நாள் என்பதால் இம் அன்றைக்கு அலுவலகத்தை விட்டு நகரவில்லை.

ஆனால் படம் பிடிக்க ரசிகர்கள் வந்திருந்தார்கள். 'இதுதான் பேக் கில்சூவின் முழங்கால்வலி' என்ற தலைப்பில் அவன் படியேறும் காட்சி மதியத்துக்குள் இணையத்தில் ஓடியது. பின்னணியில் ஆட்டுக்குட்டி துள்ளுவதுபோல் ஒரு இசை சேர்த்திருந்தார்கள். கில்சூவின் வாழ்க்கையில் அவ்வளவு பேர் அவனைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் காங்னுங் அறிவித்தது. ஈடாக எடுத்துக்கொள்ளும் ஆள்: கேட்சர் பேக் கில்சூ. முழங்காலைப் பற்றி வந்த செய்தி முதலில் யோசிக்க வைத்தது, ஆனால் படியேறும் காட்சியைப் பார்த்த பிறகு சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று அவர்கள் தரப்பில் ஒருவர் சொல்லியிருந்தார்.

கில்சூ கடைக்குப் போனபோது ஹேரிம் ஒரு பெண்ணின் தலையில் சாயம் அலசிக்கொண்டிருந்தாள். செய்தி அவளுக்கு ஏற்கனவே தெரிந்துவிட்டது என்பது அவள் திரும்பிப் பார்க்காததிலேயே தெரிந்தது. அந்தப் பெண் போகும்வரை அவன் சோபாவில் காத்திருந்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். ரசிகர் பட்டியல், சுன்போ, கழிப்பறை, ஊசி, ஸ்கேன், கரிக்கட்டி.

அவள் வேறெதையும் கேட்கவில்லை. "அப்போ புதன்கிழமை நான் நீவிவிட்டப்போ கால் வலிக்கலை?" என்று மட்டும் கேட்டாள்.

"ஊசி போட்ட இடம் வலிச்சுது."

"சரி."

"நீயும் சோயுலும்…"

"நான் செப்டம்பர்லயே சொல்லிட்டேன்." பிறகு நாற்காலியைக் காட்டினாள். "உட்காருங்க. இந்தத் தலையோட போய் நிக்காதீங்க அங்க."

அவன் கழுத்தில் துணியைக் கட்டி வெட்டத் தொடங்கினாள். கண்ணாடியில் அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, முடியை மட்டும் பார்த்தாள். காதோரம் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். துணியை உதறிவிட்டு, மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும், அங்கே யாரிடமும் தலையைக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னாள். கில்சூவுக்கு அதை ஒரு நம்பிக்கையாகப் பிடித்துக்கொள்வதா விடுவதா என்று தெரியவில்லை. நான்கு மணி நேரப் பயணம், மாதம் ஒருமுறை, முடி வெட்டிக்கொள்ள.

மறுநாள் சாமான்களை எடுக்க அணி அலுவலகத்துக்குப் போனான். இம் இல்லை. அவன் வருகிற நேரம் பார்த்து வெளியே கிளம்பியிருப்பார் என்று கில்சூ நினைத்தான். கூ அக்கா ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, மூன்று காகிதங்களில் கையெழுத்து வாங்கினாள். அவன் போகிறானே என்று அவள் கண் கலங்கியிருந்தது. அவளைச் சிரிக்க வைக்கத்தான் அவன் அந்தப் பேச்சை எடுத்தான்.

"அக்கா, பட்டியலைத் தட்டச்சு பண்ணினது நீங்கதானே? ஊரைவிட்டே போறேன், இப்பவாவது சொல்லுங்க. அந்த இருபத்தஞ்சுக்கு நான் எவ்வளவு தூரத்துல இருந்தேன்? முப்பதா, நாப்பதா?"

கூ அக்கா கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தூரமெல்லாம் இல்லை தம்பி. இளசுங்க வீசுற பந்தைப் பிடிக்க நீ இல்லாம முடியாதுன்னு செயலாளர் முதல் நாளே உன் பேரை எழுதச் சொல்லிட்டாரு. வியாழக்கிழமை ஸ்கேன் வந்தப்புறம்தான் பட்டியல்லேருந்து எடுக்கச் சொன்னாரு."