டொரன்டோவில் ஒருவருக்கு ஒரு மேசை

சட்டன், லண்டன்,
12 ஜூலை 1994

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் சிவானந்தன் அவர்கட்கு,

தாங்களும் இல்லத்தாரும் தங்கள் அச்சு இயந்திரமும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நானும் நலம், சட்டைகள் மட்டும் என்மேல் ஏற மறுக்கின்றன. டொரன்டோவில் சாப்பாட்டுப் பிரியர்கள் போகவேண்டிய உணவகங்களைப் பற்றியும் பார்க்கவேண்டிய இடங்களைப் பற்றியும் தங்கள் இதழுக்கு எழுதித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டே விமானம் ஏறினேன். கட்டுரை பிந்தியதற்குக் காரணம் சோம்பல் அல்ல, சொந்தக்காரர்.

ஸ்காபரோவில் என் அண்ணை இராஜேந்திரன் வீட்டில் இறங்கியதும், நூலகத்தில் மூன்று சனிக்கிழமை இருந்து தேடி எடுத்த பன்னிரண்டு உணவகங்களின் பெயரை அண்ணையின் மனைவி சிவமலர் மச்சாளிடம் காட்டினேன். அது பெரும் பிழை. "கடையிலை சாப்பிடவோ லண்டனிலையிருந்து வந்தனீர்? நாங்கள் என்ன செத்தே போனம்?" என்றார். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஏற்கெனவே ஒரு தாள் ஒட்டியிருந்தது. பத்து நாளும் பகலுக்கு ஒரு வீடு, இரவுக்கு ஒரு வீடு. எந்த வீட்டிலும் பிட்டு, இறால் பொரியல், கத்தரிக்காய்க் குழம்பு. ஒரு வீட்டில் நான் எத்தனை அகப்பை வாங்கினேன் என்ற செய்தி நான் காரில் ஏறுமுன்னரே தொலைபேசியில் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அங்கே போனால், "நடராஜா வீட்டிலை நல்லாச் சாப்பிட்டீராம், இங்கை கொறிக்கிறீர்" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். அதற்காக இன்னொரு அகப்பை.

இடங்கள் பார்க்காமலும் இல்லை. நயாகராவுக்குக் கட்டுச்சோற்றோடு போனோம். சாரலில் சோறு நனையாமல் நான் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றதால் நீர்வீழ்ச்சியின் வலப்பக்கம் மட்டும் பார்த்தேன். வானளாவிய கோபுரத்தின் உச்சியில் சுழலும் உணவகம் இருக்கிறது என்று சொல்லிப்பார்த்தேன். கடை சுற்றினால் சாப்பாடு எப்படிச் செமிக்கும் என்று கேட்ட அண்ணை, கீழே கார் நிறுத்துமிடத்தில் டிக்கியைத் திறந்து மச்சாள் பொரித்துக் கட்டிவிட்ட ரோல்ஸை நீட்டினார். பெயர்பெற்ற பழைய சந்தைக்கும் போனோம். ஊரெல்லாம் வரிசையில் நின்று சாண்ட்விச் வாங்க, நாங்கள் நண்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

ஒன்பதாம் நாள் எனக்கு ஒன்று உறைத்தது. அப்பா வீட்டில் வைத்ததைச் சாப்பிட்டேன். கலியாணத்துக்குப் பின் நான் சமைத்ததைச் சாப்பிட்டேன். வெளியே போனால் எனக்கும் சேர்த்து என்ரை மனுசனே சொல்லிவிடுவார். நாற்பத்தாறு வயதுவரை ஒரு கடையில் தனியே இருந்து, எனக்கு என்ன வேண்டும் என்று நானே சொன்னதில்லை. தங்கள் கட்டுரை அப்போதே பின்னுக்குப் போய்விட்டது, மன்னிக்கவும்.

பத்தாம் நாள் காலை, எனக்கு ஒரு நேர்த்திக்கடன் இருக்கிறது, விரதத்தோடு பிள்ளையார் கோயிலுக்குத் தனியே போகவேண்டும் என்று அறிவித்தேன். எங்கள் சனத்தின் அகப்பையைத் தடுக்கக்கூடியது விரதம் ஒன்றுதான் ஐயா. எடுத்த பிட்டைத் திரும்பச் சட்டியில் போட்டார் மச்சாள். நான் கோயில் இருக்கும் வடக்கே போகாமல், தெற்கே போகும் ரயிலில் ஏறிச் சீனக் கடைகள் நிறைந்த ஸ்படைனா வீதியில் இறங்கினேன்.

முதலில் கண்ட கடைக்குள் நுழைந்தேன். பரிமாறும் பெண் எத்தனை பேர் என்று கேட்டபடி என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். ஒருவர் என்றேன். மறுபடி எட்டிப் பார்த்தாள். ஒருவர்தான் என்றேன். யன்னலோரம் நாலு பேர் இருக்கும் மேசை எனக்கு. எல்லாம் சீன எழுத்து. பக்கத்து மேசைக் கிழவரின் கோப்பையைக் காட்டி அதையே கேட்டேன். இறால் உருண்டை மிதக்கும் நூடில்ஸ் சூப். பாதியில் என்னையறியாமலே கையைக் கோப்பைக்கு மேல் பிடித்தேன், யாரும் இன்னும் போட்டுவிடாமல். யாரும் போடவில்லை. வேண்டுமென்றே மூன்று நூடில்ஸை மிச்சம் விட்டேன். அதை யாரும் யாருக்கும் தொலைபேசியில் சொல்லவில்லை. சிங்காசனத்திலிருந்து இறங்குவதுபோல எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மச்சாள் திருநீறு கேட்டார். கைப்பையில் லண்டனிலிருந்து கொண்டுபோன விம்பிள்டன் பிள்ளையாரின் பொட்டலம் இருந்தது, கொடுத்தேன். பூசிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். "உம்மட முகமே தெளிஞ்சிருக்கு, தவம். கேட்டதைக் குடுத்திட்டார் போலை."

"ஓம் மச்சாள்" என்றேன். அது பொய்யா என்று இன்றுவரை யோசிக்கிறேன், பொய்யாகத் தெரியவில்லை.

ஆகவே வாசகர்களுக்கு என் பரிந்துரை: டொரன்டோ போனால் விரதம் பிடியுங்கள். கடையின் பெயரை நான் பார்க்கவில்லை. பசியோடு தனியே போகிறவர்கள் கண்டுபிடிப்பார்கள். தங்கள் இதழும் இல்லமும் குறைவின்றி நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
வெற்றியோடு,
தவநாயகி

பி.கு: முந்தநாள் உறையை ஒட்டும் நேரம் மச்சாள் தொலைபேசியில் வந்தார். ஆகஸ்டில் இரண்டு கிழமைக்கு லண்டன் வருகிறார்களாம். சமைத்துச் சமைத்து அலுத்துவிட்டதாம், இங்கே ஒவ்வொரு நாளும் வெளியே சாப்பிட ஆசையாம். "உதென்ன கதை மச்சாள், நான் இருக்கிறன்தானே" என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டேன். சவுத்தாலில் இருபது கிலோ அரிசிமா வாங்கியாயிற்று; குட்மேய்ஸில் இருக்கிற சொந்தக்காரரின் விருந்துக்கு இரண்டாம் சனிக்கிழமையை ஒதுக்கியாயிற்று. தயவுசெய்து அவர்கள் திரும்பும்வரை இதை அச்சிட வேண்டாம். வாசித்தால் மச்சாளும் தனியே புறப்பட்டுவிடுவார். பிறகு இவ்வளவு மாவையும் நான் ஆருக்கு அவிக்கிறது?