எல்லாப் பட்டியலிலும் கவிதா

காதலைச் சொல்லத் தைரியம் இல்லாதவன் கையில் கம்ப்யூட்டரைக் கொடுக்கக் கூடாது. பட்டுத் தெரிந்துகொண்டவன் சொல்கிறேன். பட்டது நான் இல்லை, கவிதா.

இரண்டாயிரங்களின் நடுவில், தட்டாஞ்சாவடியில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி இருந்தது. (கம்பெனி என்றால் நான்கு நாற்காலி, மூன்று கம்ப்யூட்டர்.) நான் சீனியர். பக்கத்துக் கதிர்காமத்திலிருந்து சைக்கிளில் வரும் கவிதா ஜூனியர். அவள் வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. "சாப்டாச்சா?" என்பதற்கு மேல் அவளிடம் எனக்குப் பேச்சு வராது.

ஆகவே வேறு வழியில் பேசினேன். ஜாவாஸ்கிரிப்ட்டில் எந்தப் பட்டியலிலும் கடைசியாக இருப்பதை எடுத்துத் தரும் சின்ன நிரல் ஒன்றை எழுதி, எல்லாப் பட்டியல்களோடும் தானாக ஒட்டிக்கொள்ளும்படி மாட்டினேன். அதற்கு 'கவிதா' என்று பெயர் வைத்தேன். யார் கண்ணிலும் படாது என்று நம்பினேன். (எவ்வளவு பெரிய மேதாவி!)

பக்கத்துத் தெரு பம்பு கம்பெனிக்காக அவள் செய்த பக்கங்களில், டெமோ அன்று காலைதான் என் நிரலைச் சேர்த்தேன். ஓட்டிப் பார்க்கவில்லை. அவள் எழுதியிருந்ததோ, பட்டியலோடு எது ஒட்டியிருந்தாலும் அதன் பெயரையும் ஒன்றுவிடாமல் திரையில் கொட்டும் வகை.

பம்பு கம்பெனி முதலாளியின் முன்னால் கவிதாதான் மவுஸைப் பிடித்திருந்தாள். விடுப்பில் இருப்பவர்கள்: முருகன், அந்தோணி, கவிதா. ஓய்வு பெற்றவர்கள்: மூன்று பெரியவர்கள், அப்புறம் கவிதா. பழுதாகித் திரும்பி வந்த பம்புகள் பதினொன்று. பன்னிரண்டாவது, கவிதா.

"யாருப்பா இந்தக் கவிதா? ரிப்பேர் பம்புல இவங்க எப்டி வந்தாங்க?" என்று முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

எங்கள் மேனேஜர் சிரிக்கவில்லை. "ஏம்மா, இது வெளையாடுற எடமா? உன் பேரை எதுக்குப் போட்ட?"

"நான் போடல சார்."

"அப்ப யாரு போட்டா?"

எனக்கு விடை தெரியும். மேலே பார்த்தேன். மின்விசிறிக்கு மூன்று இறக்கைகள் இருந்தன. அதை நாலைந்து முறை எண்ணிச் சரிபார்த்தேன்.

சாயங்காலமே அவளை நிறுத்திவிட்டார்கள். கிளம்பும் முன் அவள் என் நிரலைத் திறந்து பார்த்துவிட்டாள். பையை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"எல்லா லிஸ்ட்லயும் என் பேரை எழுதத் தெரிஞ்சுது. ஒரே ஒரு தடவ உங்க பேரைச் சொல்லத் தெரியல, இல்ல?"

மறுநாள் மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். "முடிஞ்சதை விடுப்பா," என்றார். நானும் விட்டுவிட்டேன். கதிர்காமம் ஒன்றும் கடல் தாண்டி இல்லை, போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்கும் எனக்குத் துப்பில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு இதை மனைவியிடம் உளறிவிட்டேன். இன்றுவரை எங்கள் வீட்டு மளிகைச் சீட்டில் துவரம்பருப்பு, புளி, கடுகு எல்லாம் முடிந்ததும் கடைசியில் 'கவிதா' என்று எழுதித்தான் தருவாள். ஒரு தடவை கடைக்காரர், "அண்ணே, கவிதா எத்தினி கிலோ?" என்று கேட்டுவிட்டார். பிள்ளைகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

தெருமுனை திரும்பியதும், சீட்டை எடுத்து அந்தப் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதிவிட்டுத்தான் கடைக்குப் போகிறேன்.