பதியன் சாரும் எங்கள் ஓட்டைத் தூக்கிய கொடியும்

பதியன் சாரின் பிளேடு படாத செடி திருவனந்தபுரத்தில் ஒன்று இருந்திருந்தால் அது பிளாஸ்டிக் செடியாகத்தான் இருந்திருக்கும். எந்தக் கிளையைக் கண்டாலும் பட்டையை ஒரு விரற்கடை சீவி, ஈரத் தேங்காய் நாரும் மண்ணும் வைத்து, பிளாஸ்டிக் தாளால் கட்டிப் பதியன் போட்டு வேர்விட வைத்துவிடுவார். நாகர்கோவில்காரர். ஏதோ அரசு ஆபீஸில் ஓய்வு பெற்றவர். அவருடைய நிஜப் பெயர் தபால்காரருக்கே சந்தேகம்.

தொண்ணூறுகளின் கடைசியில் வலியசாலையில் அவருக்கு அடுத்த வீட்டுக்குக் குடிபோனது என் தலையெழுத்து. புறவாசலில் ஒரு கொடி. பூக்காமல் காடாக வளர்ந்து, கூரை ஓட்டைத் தூக்கி, சமையலறைக்குள் மழையை இறக்கிக்கொண்டிருந்தது. அரிவாளை எடுத்தேன். மதில்மேல் ஒரு தலை முளைத்தது.

"சாரே, நில்லும்! என்ன செடின்னு தெரியாம வெட்டப்பிடாது, கேட்டோ!"

"என்ன செடி சார்?"

"பிச்சி. கண்டா தெரியாதா?"

மறுநாள் முல்லை என்றார். அடுத்த வாரம் ஏதோ மலைக்கொடி என்றார். "பூக்கட்டும், பாத்துக்கிடலாம்" என்று தடையுத்தரவும் போட்டார். என் மனைவி குடைபிடித்துக்கொண்டு தோசை சுட்டாள்.

ஒரு சாயங்காலம் கொத்துக்கொத்தாக வெள்ளைப் பூ. "பிச்சியேதான்!" என்று தெருவுக்கே கேட்கக் கூவினார். காலையில் பார்த்தால் அதே பூ இளஞ்சிவப்பு. என் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார்.

"மோளே, சாயத் தண்ணி வல்லதும் ஊத்தினியா?"

அடுத்த நாள் நல்ல சிவப்பு. அவள் பொறுமை போய்விட்டது.

"இது ரங்கூன் மல்லி சார். நிறம் மாறும். எங்க ஸ்கூல் வாசல்ல நின்னுச்சு."

"இத முன்னாலயே சொல்லப்பிடாதா?"

"நீங்க எங்க பேச விட்டீங்க!"

சரி, பெயர் தெரிந்துவிட்டது, இனி வெட்டலாம் என்று ஆபீஸ் போனேன். திரும்பி வந்தால் கொடி முழுக்கப் பொட்டலங்கள் தொங்கின. பால்காரம்மா யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பயந்து, மறுநாள் முதல் பாலைத் தெருவிலேயே வைத்துவிட்டு ஓடினார்.

பொறுக்காத வீட்டுக்காரர் வெட்ட ஆளையே கூட்டிவந்தார். பதியன் சார் குறுக்கே கையை விரித்து நின்றார்.

"கர்ப்பிணிடே அது! வெட்டுவியா நீ?"

வந்த ஆள் அரிவாளைக் கீழே போட்டுக் கும்பிட்டார். வீட்டுக்காரர் நாற்பது நாள் தவணை கொடுத்தார். நாற்பது நாளும் மூன்று வேளையும் சொந்த வீடு மாதிரி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, பொட்டலங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார் பதியன் சார். வேர்விட்டதும் தெரு முழுக்கக் கொடுத்தார். பிறகுதான் எங்கள் கொடி வெட்டுப்பட்டது. "எனக்கு வேண்டவே வேண்டாம்" என்று செடி வாங்காத ஒரே ஆள் என் மனைவி. அடுத்த மழைக்குள் பாதித் தெருவின் ஓடு கிளம்பிவிட்டது. எல்லோரும் என்னைத்தான் திட்டினார்கள்.

சில வருடங்களில் எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. வழியனுப்பத் தம்பானூர் ஸ்டேஷனுக்கு வந்தார். எதையாவது தலையில் கட்டிவிடுவாரோ என்று நடுங்கினேன். வெறுங்கையோடு நின்றார்.

"சென்னைத் தண்ணி உப்பாக்கும். பிள்ளைய அங்க அனுப்ப மனசு வரல்ல, பாத்துக்கிடும்."

வண்டி நகரும்வரை ஜன்னல் கம்பியை விடவில்லை.

"ஒரு கம்புகூடத் தரலையே அந்த மனுஷன்" என்று ஆரல்வாய்மொழி தாண்டும்வரை என் மனைவி புலம்பிக்கொண்டே வந்தாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை. வெளியே மலையைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.