விசா ஜன்னலில் நான் பாடிய ஒப்பாரி

கேரள எல்லையில் இருக்கிற எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எந்த விவசாயியிடமாவது "தோப்பு எப்படி இருக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். மரம் சாய்கிற அளவுக்குக் குலை தள்ளியிருந்தாலும், "அத ஏனுங்க கேக்கறீங்க..." என்றுதான் ஆரம்பிப்பார். நல்லா இருக்குது என்று சொல்லிவிட்டால் அன்றைக்கே கண்ணு பட்டுவிடும். பொள்ளாச்சியிலிருந்து வருகிற தேங்காய் வியாபாரி விலையைக் குறைப்பான். பங்காளி கைமாத்துக் கேட்பான். கட்சிக்காரன் ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவான். அதனால் வில்லேஜ் ஆபீசில் மலையாளத்தில் கேட்டால் மலையாளத்தில் அழுவோம், வியாபாரி தமிழில் கேட்டால் தமிழில் அழுவோம். நான் இரண்டு பாஷையிலும் அழுது கைதேர்ந்தவன்.

அந்தக் கைத்திறன்தான் சென்னையில், விசா ஜன்னலுக்கு முன்னால், என் மானத்தை வாங்கியது.

எங்களுக்கு ஒரே பெண், நித்யா. கல்யாணமாகி அமெரிக்காவில் இருக்கிறாள். தலைப்பிரசவம். ரத்தக்கொதிப்பு வேறு இருக்கிறது, ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை தங்கமானவர். ஆனால் அவருக்கு அம்மா இல்லை; அந்த ஊரில் இவர்களுக்கு வேறு ஆளும் இல்லை. ஒரு நாள் போனில், "அம்மா, எனக்குப் பயமா இருக்குதும்மா, நீ வந்துருவ தானே?" என்று அழுதுவிட்டாள். அன்றிலிருந்து என் சம்சாரம் சரஸ்வதி சரியாகச் சாப்பிடவில்லை. விசா கிடைத்தால் பெண்ணுக்குப் பக்கத்தில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் போனில் முக்கல் முனகலைக் கேட்டுக்கொண்டு இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

எனக்கோ ஆபீஸ் என்றாலே பயம். (கரண்ட் ஆபீசுக்குப் பில் கட்டப் போனால்கூட செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போகிற ஜாதி நான். அங்கே யாரும் கழற்றச் சொல்வதில்லை.) அப்படிப்பட்டவனை அமெரிக்காக்காரன் கேள்வி கேட்கப் போகிறான் என்றதும் ராத்திரி தூக்கம் போய், பகலில் பசியும் போனது.

நித்யா போனிலேயே பாடம் நடத்தினாள். "அப்பா, அவங்களுக்கு ஒரே சந்தேகம்தான். வர்றவங்க திரும்பிப் போவாங்களா, இங்கியே ஒட்டிக்குவாங்களான்னு. ஊர்ல உங்களுக்குத் தோப்பு இருக்குது, மாடு இருக்குது, எல்லாம் நல்லா இருக்குது, அத விட்டுட்டு இருக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சாப் போதும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

இங்கிலீஷில் நாலு வரி எழுதி அனுப்பினாள். மனப்பாடம் செய்தேன். தினமும் சாயங்காலம் ஒத்திகை. சரசு சமையலறை ஜன்னல் கம்பிக்கு உள்ளே தோசைக்கரண்டியோடு நின்று, "ஹவ் இஸ் யுவர் ஃபார்ம்?" என்பாள். நான் வெளியே வாசலில் விறைப்பாக நின்று, "மை ஃபார்ம் இஸ் வெரி குட், மேடம்" என்பேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அந்தத் திமிரில் சரசுவிடம், "அங்க வந்து நீ வாயத் தொறக்காத. எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று வேறு சொல்லி வைத்தேன்.

சென்னைக்குப் போன முதல் நாளே சோதனை ஆரம்பித்துவிட்டது. கைரேகை எடுக்கிற இடத்தில் விரலை வைத்தால் மெஷினில் சிவப்பு விளக்கு எரிகிறது. தேங்காய் உரித்து உரித்து ரேகை தேய்ந்து போயிருக்கிறது! "இன்னொரு வாட்டி அழுத்தி வைங்க ஐயா" என்றது அங்கிருந்த பெண். வைத்தேன். மறுபடியும் சிவப்பு. ரேகை இல்லாதவனைத் திருடன் என்று நினைத்துவிடுவார்களோ என்று எனக்கு வேர்த்துக் கொட்டியது. சரசு தன் முந்தானையால் என் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள். அப்புறம் எப்படியோ பச்சை எரிந்தது. அந்தப் பெண்ணுக்கு நான் கும்பிடு போட்டதைப் பார்த்து வரிசையே சிரித்தது.

மறுநாள் காலை நேர்காணல். எங்களுக்கு முன்னால் கோட்டு சூட்டு போட்ட ஒரு பையன் இங்கிலீஷில் பொரிந்து தள்ளினான். அவனுக்கே இல்லை என்று சொல்லி ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவன் முகம் தொங்கிப் போய்த் திரும்பி வந்ததைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கையே போய்விட்டது. சரசுவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, கைய விடுங்க" என்றாள் மெதுவாக. "உங்க நடுக்கத்துல என்ற வளையல் சத்தம் போடுது. எல்லாரும் பாக்கறாங்க."

எங்கள் முறை வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெண். எங்கள் நித்யா வயதுதான் இருக்கும். நான் தொண்டையைச் செருமி, "குட் மார்னிங் மேடம்" என்பதற்கு வாயைத் திறந்தேன்.

"வணக்கம் ஐயா. வணக்கம் அம்மா" என்றது அந்தப் பெண்.

தமிழ்! அதுவும் பள்ளிக்கூட வாத்தியார் தமிழ்! மனப்பாடம் செய்த நாலு வரியும் அந்த நொடியில் ஆவியாகிப் போனது. எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டது. "பொண்ணுக்குப் பிரசவமுங்க" என்றேன். என்ன தொழில் என்று கேட்டது. "தென்னந்தோப்புங்க, மாடு இருக்குதுங்க" என்றேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, பிரியமாக, அடுத்ததைக் கேட்டது.

"உங்கள் தோப்பு எப்படி இருக்கிறது, ஐயா?"

இங்கிலீஷில் கேட்டிருந்தால் வெரி குட் வந்திருக்கும். சத்தியமாக வந்திருக்கும். தமிழில் அல்லவா கேட்டுவிட்டது!

"அத ஏனுங்க கேக்கறீங்க..."

ஆரம்பித்ததுதான் தெரியும். வாய் தானாக ஓடுகிறது. "மழையே இல்லீங்க. வாய்க்கால்ல தண்ணி வர்றதில்லீங்க. பாதி மரத்துக்கு வேர்வாடல் நோய், மீதி மரத்த வண்டு தின்னு போட்டுதுங்க. மரம் ஏற ஆளே கெடைக்கறதில்ல. காய்க்கு வெலையும் இல்லீங்க."

சரசு என் காலை மிதித்தாள். பயத்தில் எனக்கு மூளை வேலை செய்யவில்லை. போதவில்லை, இன்னும் சொல் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"மாட்டுக்குத் தீவனம் போட்டுக் கட்டுபடியாகறதில்லீங்க. எனக்கும் முன்ன மாதிரி ஒடம்பு முடியறதில்லீங்க. பேசாம எல்லாத்தையும் வித்துப்போட்டு எங்கியாச்சும் போயிறலாம்னு இருக்குதுங்க!"

(இந்தக் கடைசி வரி எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வது. இதைச் சொல்லாமல் யாரும் பேச்சை முடிப்பதில்லை. சொன்னவன் எவனும் இதுவரை எங்கேயும் போனதும் இல்லை.)

அந்தப் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

"எங்கே போவீர்கள், ஐயா?"

அப்போதுதான் என் வாயிலிருந்து என்ன விழுந்தது என்று என் காதுக்கே கேட்டது. அட கடவுளே! திரும்பி வருவாயா என்று சந்தேகப்படுகிற இடத்தில் வந்து நின்று, எனக்கு இங்கே ஒன்றுமே இல்லை, விற்றுவிட்டுப் போகப் போகிறேன் என்று நானே வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். பிரசவ ஆஸ்பத்திரியில் நித்யா தனியாகப் படுத்திருப்பது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. என் பெண்ணுக்கு என் வாயே எமன் ஆகிவிட்டதே என்று என்னையே சபித்துக்கொண்டேன்.

"அம்மிணி!" என்று ஒரு குரல். சரசு என்னை முழங்கையால் ஒதுக்கித் தள்ளிவிட்டுக் கண்ணாடியோடு ஒட்டி நின்றாள்.

"இந்த மனுசன் பேசறத நம்பாதீங்க சாமி. நான் கல்யாணமாயி வந்ததுல இருந்து இதே பாட்டுத்தான். விக்கறேம்பாரு, போறேம்பாரு. பொள்ளாச்சிக்குப் போனாப் பொழுதோட ஊடு வந்து சேந்துருவாரு. சொந்தக்காரங்க ஊட்டுல ஒரு ராத்திரி தங்க மாட்டாரு, தலகாணி மாறுனாத் தூக்கம் வராது இவருக்கு. தோப்புக்கு என்னங்க கேடு? போன மாசம் பறிச்ச காய வெக்க எடமில்லாம வாசல்ல குமிச்சுக் கெடக்குது!"

எனக்கு அந்த நிலைமையிலும், 'ஐயோ, கண்ணு பட்டுருமே' என்று தோன்றியது. அந்த அளவுக்கு ஊறிப்போன வியாதி.

"இவருக்குக் குடுக்காட்டிப் போகுதுங்க" என்று சரசு அழ ஆரம்பித்தாள். "இவரு இங்கியே இருக்கட்டும். எனக்கு மட்டும் குடுங்க. என்ற புள்ள பயந்து கெடக்குது. இவரு இங்க இருந்தா நான் திரும்பி வந்துதானுங்களே ஆகோணும்? ஒரு சோறு வெக்கத் தெரியாதுங்க இந்த மனுசனுக்கு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தது. "உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா, ஐயா?"

"தெரியாதுங்க" என்றேன். ஒப்பாரி ஆரம்பித்த பிறகு நான் சொன்ன ஒரே முழு உண்மை அதுதான்.

சிரிப்பை அடக்குவதற்காக அது உதட்டைக் கடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். அப்புறம் சரசுவிடம் இன்னும் ரெண்டு மூன்று கேள்வி கேட்டது. எவ்வளவு நாள் இருப்பீர்கள், மாடுகளை யார் பார்ப்பார்கள் என்று. சரசு ஒவ்வொன்றுக்கும் பட்பட்டென்று பதில் சொன்னாள். கடைசியில் விசா ஒட்டுவதற்காகச் சரசுவின் பாஸ்போர்ட்டை உள்ளே வைத்துக்கொண்டது. என்னுடையதைத் திருப்பிக் கொடுத்து, கூடவே ஒரு தாளையும் நீட்டியது. கோட்டு சூட்டுப் பையனுக்குக் கொடுத்த அதே தாள்.

வெளியே வந்ததும் சரசு நடைபாதை ஓரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஏனுங்க, நான் எப்படிங்க தனியாப் போவேன்?" என்றாள். "பாலக்காட்டுக்கே உங்க கூடத்தானே போயிருக்கறேன். ஏரோப்ளேன்ல கக்கூசு எங்க இருக்கும்னுகூடத் தெரியாதே எனக்கு."

என் வாய்க்கொழுப்புக்கு இவள் கடல் தாண்டித் தனியாகப் போக வேண்டியிருக்கிறதே என்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. "யாராச்சும் சொல்லுவாங்க சரசு" என்று மட்டும் சொன்னேன். அவள் கையைப் பிடித்தேன். இந்தத் தடவை வளையல் சத்தம் அவள் நடுக்கத்தில் வந்தது.

போனாள். கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். அவள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாள் என்று போன் வரும்வரை நான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. பிரசவ நாளில் நித்யாவுக்கு ரத்தக்கொதிப்பு ஏறி எல்லாரும் பயந்துபோனார்களாம். விடிய விடிய சரசுதான் அவள் தலையைத் தடவிக்கொண்டு பக்கத்தில் இருந்தாளாம். பேரன் பிறந்தான். போனில் அவன் அழுகையைக் கேட்டு மாட்டுக்கொட்டாயில் நின்று நானும் அழுதேன். சொன்ன தேதிக்குச் சரசு திரும்பியும் வந்துவிட்டாள். அதுவரைக்கும் நான் வடித்த கஞ்சியை மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

இந்தக் கதையைக் கேட்ட மாப்பிள்ளை, "அப்ப மாமாவ அடகு வெச்சுட்டுத்தான் அத்தை வந்திருக்கறாங்க!" என்றார். அன்றிலிருந்து பிடித்தது வினை. சொந்தத்தில் விசேஷ வீடு எதற்குப் போனாலும், "அடகு வந்துருச்சு பாரு", "இன்னும் திருப்பலையா?" என்பார்கள். நானும் பல்லைக் காட்டிவிட்டு இலையில் உட்கார்ந்துவிடுவேன்.

போன லீவுக்குப் பேரன் முதல் தடவையாக ஊருக்கு வந்தான். ஏர்போர்ட்டில் கூட்டத்தில் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எங்கள் பக்கம் அம்மாவின் அப்பாவை அப்புச்சி என்று கூப்பிடுவோம். நித்யாவின் கையை உதறிவிட்டு ஓடி வந்தவன், அத்தனை ஜனத்துக்கு நடுவில் என்னைக் கை காட்டி, வீட்டில் கேட்டுக் கேட்டு அதுதான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினான்.

"அம்மா, அதா பாரு! அடகு அப்புச்சி!"

"வந்துட்டேன் சாமி" என்று நானும் கையைத் தூக்கினேன்.