உம்மா எழுதிய என் விண்ணப்பம்

1. கற்பிட்டியில் ஒரு பயிற்சி நிலையம் கணினிப் போதனாசிரியர் தேவையென்று விளம்பரம் போட்டது. விண்ணப்பத்தைச் சொந்தக் கையாலேயே எழுத வேண்டுமாம்.
2. என் விண்ணப்பத்தை உம்மா எழுதினார்.
3. நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது.

(இரண்டாம் இலக்கத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.)

கம்பஸ் படிப்பு முடித்து நான்கு வருடங்களாக நான் பேனா பிடித்ததில்லை. கடைக்குப் போகும் பட்டியல்கூட போனில்தான். இருந்தும், லீவில் வீட்டுக்கு வந்திருந்தபோது முதலில் நானே எழுதிப் பார்த்தேன். மூன்றாம் வரியில் கை வலித்தது. ஒரு பிழை விட்டதும், அதை அழிக்கும் விசையைத் தேடி விரல் மேசையைத் தட்டியது.

உம்மா எட்டிப் பார்த்தார். "இதென்ன மகள், எறால் காயப்போட்ட மாதிரி ஈக்கி?"

"அப்ப நீங்களே எழுதித் தாங்களேன்."

"பொய்யில்லையா அது?"

"விஷயமெல்லாம் என்டதுதானே உம்மா. எழுத்து மட்டும்தான் உங்கட."

அந்த வேலை கிடைத்தால் கொழும்பு வேலையையும் போர்டிங் அறையையும் விட்டுவிட்டுப் புத்தளத்தில் எங்கள் வீட்டிலிருந்தே போய்வரலாம். வேறெதையும் யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

தேர்வன்று உம்மாவும் கூடவே பஸ் ஏறினார். (கொழும்பில் தனியாக இருப்பவள் கற்பிட்டிக்குத் தனியாகப் போகக்கூடாதாம்.) அவரை வெளியே ஒரு கதிரையில் இருத்திவிட்டு உள்ளே போனேன். மூன்று பேர் இருந்தார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கணினியில் செய்யச் சொன்னதைப் படபடவென்று தட்டிக் காட்டினேன். அப்போது நடுவிலிருந்த மிஸ் என் விண்ணப்பத்தைக் கையில் எடுத்தார்.

"இப்படி ஒரு எழுத்த இந்தக் காலத்துப் பிள்ளைகளிட்ட நான் கண்டதேயில்ல. போர்ட்ல ரெண்டு வரி எழுதுங்க, பாப்பம்."

தப்பும் வழிகளை வரிசைப்படுத்தினேன். ஒன்று, மயங்கி விழுவது. இரண்டு, கைச் சுளுக்கு. மூன்று, ஜன்னல். ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தது.

"கை சுளுக்கிட்டு, மிஸ்."

"எந்தக் கை?"

வலது கையைத் தூக்கினேன். ஐந்து நிமிடத்துக்கு முன் அவர்கள் கண்ணெதிரே தட்டித் தள்ளிய அதே கை.

மிஸ் மார்க்கரை நீட்டினார். எழுதினேன். ஓரத்திலிருந்தவர் தலையைச் சரித்து வாசித்துப் பார்த்தார். பிறகு மற்றப் பக்கம் சரித்தார்.

"அது உம்மா எழுதினது, மிஸ்," என்றேன்.

"உம்மா எங்க?"

"வெளியில ஈக்கிறாங்க."

உம்மா சோற்றுப் பார்சலோடு பதறி வந்தார். "புள்ள நல்ல கெட்டிக்காரி மிஸ். எழுத்து மட்டும்தான் சரியில்ல."

மிஸ் ஒரு வெற்றுச் சான்றிதழை அவர் முன் வைத்தார். "இதுல ஒரு பேர் எழுதுங்கம்மா."

உம்மா பார்சலை என்னிடம் தந்துவிட்டுப் பேனாவை வாங்கினார்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது, உம்மாவின் பெயருக்கு. இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அங்கே போய்ச் சான்றிதழ்களில் பெயர் எழுதுகிறார். எங்கள் குடும்பத்தில் யார் நேர்முகத் தேர்வுக்குப் புறப்பட்டாலும் எனக்கு மூத்தவரான நானா வாசல்வரை வந்து, "உம்மாவக் கூட்டிட்டுப் போயிராதீங்க, வேலைய அவங்களுக்குக் குடுத்துருவானுகள்" என்கிறார்.

நான் கொழும்பில், அதே போர்டிங்கில் இருக்கிறேன்.