சாட்சி சொல்ல ஒரு பாவம்

சாட்சி சொல்ல வேண்டுமானால் முதலில் ஒரு பாவம் வேண்டும். லிஃப்ட்காரரிடம் அது கைவசம் இல்லை.

சபையின் ஆண்கள் முகாமில் கடைசி நாள் பிற்பகல். பாடிப் பாடி எல்லோருக்கும் தொண்டை கட்டியிருந்தது. வீட்டுக்குக் கிளம்பும்முன் ஒவ்வொருவரும் எழுந்து, இதுவரை எப்படி இருந்தோம், இனி எப்படி இருக்கப்போகிறோம் என்று சொல்ல வேண்டும் என்று பாஸ்டர் அறிவித்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலி வரிசைகளின் ஊடே மைக் கைமாறி வந்துகொண்டிருந்தது.

லாரிக்காரர் எழுந்தார். கதவு அளவு உடம்பு. குடித்துவிட்டு வந்து தன் வீட்டுக் கதவையே உடைத்தவராம். ஒரு தடவை அல்ல. தச்சர் இவருக்காகவே ஒரு கதவைத் தயாராகச் செய்து வைத்திருப்பாராம். கூடம் விம்மியது. அடுத்தவர் சீட்டாட்டத்தில் மனைவியின் தையல் மெஷினைத் தோற்றவர். அதற்கு இன்னும் பெரிய விம்மல்.

லிஃப்ட்காரர் தன் வாழ்க்கையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை. பிரசங்கத்தில் தூங்கியிருக்கிறார். தூங்காதவர் யார்? மழை நாளில் யாருடைய குடையையோ எடுத்து வந்திருக்கிறார். மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டதால் அதுவும் பாவக் கணக்கில் சேராது. குடி இல்லை, சீட்டு இல்லை, அதட்டல் இல்லை. அதட்ட நினைத்ததுகூட இல்லை.

இத்தனைக்கும் அவருக்குள் ஏதோ நடந்திருந்தது உண்மை. இரண்டாம் நாள் காலை எல்லோரும் பாடும்போது அவர் வாய் மட்டும் பாதியில் நின்றுவிட்டது. கேட்காமலே தனக்கு எவ்வளவு கிடைத்திருக்கிறது என்று ஒரு நினைப்பு. கண் நிறைந்துவிட்டது. ஆனால் சுமாராக இருந்த ஒரு மனிதன் கொஞ்சம் நன்றியுள்ளவன் ஆனான் என்பதை மைக்கில் எப்படிச் சொல்வது? அதற்கு யார் விம்முவார்கள்?

மைக் கைக்கு வந்தது.

"நான் வீட்டில் ஒரு புலி" என்றார்.

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே விழுந்தது. கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பட்டனை அழுத்தியாகிவிட்டது. இனி மேலே போய்த்தான் தீர வேண்டும்.

"என் மனைவி இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் என் முன்னால் உட்கார்ந்து பேசியதில்லை" என்றார். சத்தியமான வார்த்தை. உட்கார்ந்தால் குரல் எடுபடாது என்று அவள் நின்றுகொண்டுதான் பேசுவாள். "நான் வீட்டுக்குள் நுழையும்போது ஒரு சின்னச் சத்தம்கூடக் கேட்காது." அதுவும் சத்தியம். துடைத்த தரை என்பதால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நுனிக்காலில்தான் நுழைவார்.

லாரிக்காரர் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். "நான் கதவைத்தான் உடைச்சேன், பிரதர். நீங்க மனசையே உடைச்சிருக்கீங்க." பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லிஃப்ட்காரரும் அழுதார். அத்தனை கொடுமைக்காரன் திருந்தியதைப் பார்த்தால் யாருக்குத்தான் அழுகை வராது?

வீட்டில் கதவைத் திறந்த மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"பையை உள்ள கொண்டுவராதீங்க. அழுக்குத் துணி நேரா மெஷினுக்கு. முகாம் எப்படி இருந்துச்சு?"

"பெரிய ஆசீர்வாதம்."

"நல்லது. துவைச்சது கூடையில இருக்கு. காயப் போட்டுட்டு வாங்க."

ஆசீர்வாதத்தோடு போய்க் காயப்போட்டார். சட்டையைத் தோளில் தொங்கவிடாமல், அடியில் கிளிப் மாட்டி, சுருக்கம் விழாமல். சொல்லிக்கொடுத்தபடி.

அவள் பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் வேலை பார்ப்பவள். நடுங்கி வருகிறவர்களை உட்காரவைப்பது, நழுவப் பார்க்கிறவர்களை வாசலில் மறிப்பது, கடைசியில் எல்லோரையும் வாய் திறக்கவைப்பது அவள் தொழில். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் திறமை ஓய்வெடுப்பதில்லை.

"அடுத்த மாசம் பெண்கள் முகாமாம்" என்றாள், கூடையைத் திருப்பி வாங்கிக்கொண்டே.

"அப்படியா? குழாயில தண்ணி கம்மியா வருது, பாத்தியா?"

அவள் பார்த்தாள். குழாயை அல்ல.

முகாமிலிருந்து வருகிறவர்கள் பொதுவாக இரண்டு நாளில் பழைய ஆள் ஆகிவிடுவார்கள். பஸ் நெரிசல் போதும், பாதி ஆசீர்வாதம் கரைந்துபோக. லிஃப்ட்காரருக்கு அந்த வாரம் கால் தரையில் படவில்லை. பழுது பார்க்க லிஃப்ட்டுக்குக் கீழே உள்ள குழியில் இறங்கி எண்ணெய்ப் பிசுக்கோடு நிற்கும்போதும் வாயில் பாட்டு. காலையில் அடுப்பில் டீ கொதிக்கும்வரை கண்ணை மூடி ஜெபம் செய்தார். அது நிஜமான ஜெபம். ஆனால் தெருவில் கிடைத்த மரியாதைதான் இன்னும் இனித்தது.

பேக்கரிக்காரர் முகாமுக்கு வந்திருந்தவர். டீயோடு கேட்காமலே ஒரு பிஸ்கட் வைத்தார்.

"உங்களைப் பாத்தா அப்படித் தெரியவே இல்லைங்க."

"வெளியில தெரியாது" என்றார் லிஃப்ட்காரர், குரலைத் தாழ்த்தி.

பக்கத்தில் நின்றிருந்த புது மாப்பிள்ளை ஒருவன் மெல்ல நெருங்கினான். "அண்ணே, கேக்கக் கூடாதுதான். முன்னாடி வீட்டுல எப்படி அதட்டுவீங்க? ஒரே ஒரு தடவை செஞ்சு காட்டுங்களேன்."

"அதையெல்லாம் விட்டாச்சு, தம்பி."

"விட்டது சரிண்ணே. எனக்கு இன்னும் ஆரம்பமே ஆகலை."

வெள்ளிக்கிழமை, மொட்டைமாடி லிஃப்ட் மோட்டார் அறையில் இருந்தபோது பாஸ்டரிடமிருந்து போன் வந்தது.

"பிரதர், ஞாயித்துக்கிழமை முகாம் சாட்சி நேரம். இந்தத் தடவை மனைவிமார் பேசட்டும்னு முடிவு பண்ணியிருக்கோம். வீட்டுல என்ன மாற்றம்னு அவங்க வாயால வரணும். முதல்ல உங்க வீட்டம்மாதான். எல்லாரும் காத்திருக்காங்க."

லிஃப்ட்காரர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். அவள் மேடை ஏறுவாள். சிரிப்பாள். "புலியா, இவரா?" என்பாள். அதோடு முடிந்தது. சாட்சியில் பொய் சொன்னவன் என்ற பெயர் ஒரு பக்கம். ஒரு நாளும் புலியாக இருந்ததில்லை என்பது அம்பலமாவது இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரிய அவமானம் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலம் அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இவர் மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உன் அக்காவைப் பாத்து ரொம்ப நாளாச்சு இல்ல?"

"ஆமா."

"நாளைக்குப் போய் ரெண்டு ராத்திரி தங்கிட்டு, திங்கட்கிழமை வாயேன்."

இஸ்திரிப் பெட்டி நிமிர்ந்து நின்றது. "நான் வெளிய தங்கறதா? நீங்களா சொல்றீங்க?"

"முகாம்ல மனசு விசாலமாயிடுச்சும்மா."

"அதென்ன, ஞாயித்துக்கிழமைக்குச் சரியா அளவெடுத்து விசாலமாயிருக்கு?"

அவர் ஒரு துண்டை மடித்தார். பிரித்தார். திரும்ப மடித்தார்.

"இப்படி உட்காருங்க" என்றாள் அவள். கிளினிக் குரல். "வலிக்காது. மெதுவா சொல்லுங்க."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். புலி, செருப்புச் சத்தம், லாரிக்காரர் அணைத்தது, பாஸ்டரின் போன், ஒன்று விடாமல். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"தெரியும்."

"தெரியுமா?"

"செவ்வாய்க்கிழமை லாரிக்காரர் சம்சாரம் பல் பிடுங்க வந்தாங்க. ஊசி போட்டுப் பாதி வாய் மரத்துப்போச்சு. மீதிப் பாதியால 'எப்படிம்மா தாங்கினே'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. வலிக்குதுன்னு நினைச்சு டாக்டர் இன்னொரு ஊசியும் போட்டுட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"கடவுள் பெலன் கொடுத்தார்னு சொன்னேன்."

லிஃப்ட்காரர் துண்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை என்னைக் காட்டிக்கொடுத்துடாதே."

"மேடையில பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் வேண்டாம். உண்மையும் வேண்டாம்."

"இதென்ன உங்க லிஃப்ட்டா, ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்க?" அவள் துண்டை அவர் கையிலிருந்து வாங்கி அடுக்கின்மேல் வைத்தாள். "சரி. உங்க பேரைக் குறைச்சு என் வாயால ஒரு வார்த்தை வராது. ஆனா உண்மையைத்தான் சொல்லுவேன்."

இந்த இரண்டும் எப்படி ஒரே வாயிலிருந்து வர முடியும் என்று ஞாயிறு காலை வரை அவருக்குப் புரியவில்லை.

சபை நிறைந்திருந்தது. அவள் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரர் முகாம்ல சொன்னதைப் பத்தி நான் பேச வரலை. அதை அவரே சொல்லியாச்சு. நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். வருஷா வருஷம் பெண்கள் முகாம் நடக்குது. நான் ஒரு தடவைகூட வந்ததில்லை. இவர் என்னை விட்டதில்லை."

ஐயோ என்று ஒரு முனகல் பரவியது. லிஃப்ட்காரர் நிமிர்ந்தார். நானா? எப்போது?

"வாயால போகாதேன்னு சொன்னதில்லை. நான் அலமாரி மேலிருந்து பையை இறக்குவேன். இவருக்குக் காய்ச்சல் ஏறும். பையை மேல ஏத்துவேன். காய்ச்சல் இறங்கிடும். ஒரு வருஷம் முதுகு பிடிச்சுக்கிச்சு. ஒரு வருஷம் பல் வலி. நான் பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கறவ. வலிக்கிற பல்லோட ஆள் எப்படி இருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பேசாம பையை ஏத்தி வெச்சேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"உங்களோட உட்கார்ந்து பாடணும்னு எனக்கும் ஆசை இருந்துச்சு" என்றாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

லிஃப்ட்காரர் தலை குனிந்தார். அவள் இல்லாத வீட்டுக்குள் ஒரு சாயங்காலம் நுழைவதை அவரால் நினைத்துப் பார்க்க முடிந்ததில்லை. அதைச் சொல்லத் தெரியாமல் நெற்றியைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். முகாமில் அவ்வளவு தேடியும் கிடைக்காத பாவம் இதோ, சொந்த வீட்டு அலமாரியின் மேலேயே இருந்திருக்கிறது.

"ஆனா இப்ப மாறிட்டார். முந்தாநாள், யாரும் கேக்காம, 'மனசு விசாலமாயிடுச்சு, போய் ராத்திரி தங்கிட்டு வா'ன்னு அவர் வாயாலயே சொன்னார். அக்கா வீட்டுக்குத்தான் சொன்னார். நான் முகாமுக்குன்னு எடுத்துக்கிட்டேன்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் லாரிக்காரரின் மனைவி எழுந்தார். "அப்ப நானும் போறேன்." பேக்கரிக்காரரின் மனைவி எழுந்தார். தையல் மெஷினைப் பறிகொடுத்த மனைவி எழுந்தார். புது மாப்பிள்ளையின் மனைவி உட்காரவே இல்லை, முதலிலிருந்தே நின்றுகொண்டிருந்தாள். கணவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்பி லிஃப்ட்காரரைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் சகோதர அன்பு குறைவு.

"எல்லாரும் போயிட்டா இவங்க சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாங்க?" என்றார் பாஸ்டர், கவலையோடு. அவர் மனைவியும் எழுந்துவிட்டிருந்தார்.

மைக் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. "எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்துடட்டும், பாஸ்டர். இவர் சமைப்பார். மனசார."

"அப்படியா, பிரதர்?"

லிஃப்ட்காரர் எழுந்து நின்றார். நான் புலியே இல்லை என்று இப்போது சொன்னால் தப்பலாம். பொய் என்னுடையது, காய்ச்சலும் என்னுடையது என்றும் கூடவே சொல்ல வேண்டும்.

"ஆமென்" என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் கேட்டாள். "பேரைக் குறைச்சேனா?"

"இல்லை."

"புலி புலியாவே இருக்கு இல்ல?"

"இருக்கு" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நீ போய்ட்டு வா. நிஜமாத்தான் சொல்றேன்" என்றார்.

"தெரியும்" என்றாள். "சபை வாசல்லயே முகாமுக்குப் பேரைக் கொடுத்துட்டேன்."

அடுத்த மாதம் முகாம் நாள் வந்தது. பையை அவரே இறக்கிக் கொடுத்தார். பழக்கத்தில் கை நெற்றிக்குப் போனது. நெற்றி குளுமையாக இருந்தது. பஸ் திரும்பும்வரை கையை ஆட்டினார்.

அன்று மத்தியானம் ஆண்கள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். சமைக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று வந்தவர்கள் சாப்பிடக் காத்திருந்தார்கள். லிஃப்ட்காரர் சூப் வைத்தார். ரொட்டியை வாட்டினார். முட்டையை உடைந்துபோகாமல் திருப்பிப் போட்டார். இரண்டாம் தடவை கேட்டுச் சாப்பிட்டார்கள். பாஸ்டர் மூன்றாம் தடவையும். சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளைச் சிங்க்கில் குவித்துவிட்டு, திருந்திய புலி இனி என்ன செய்யப்போகிறது என்று சமையலறை வாசலில் கூடி நின்றார்கள்.

பேச்சு சுவாரசியத்தில் லிஃப்ட்காரர் தன்னை மறந்துவிட்டார். சட்டைக் கை தானாக மடிந்து முழங்கைக்கு ஏறியது. முதலில் கண்ணாடித் தம்ளர்கள். பிறகு கரண்டிகள். எண்ணெய்ப் பாத்திரம் வெந்நீர் ஊற்றி ஓரமாக, கடைசிக்கு. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைக்காமல் சாய்த்துச் சாய்த்து அடுக்கினார். குழாயை நூலாகத் திருப்பி வைத்தார். அடுப்பின் குமிழ்களைக் கழற்றி, அடியில் துடைத்து, மாட்டினார். சிங்க்கின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். கடைசியாகத் துணியைப் பிழிந்து, இரண்டாக மடித்து, ஓரம் ஓரத்தோடு சேரக் கம்பியில் போட்டார்.

திரும்பியபோது எல்லோரும் வாசலைத் தாண்டி உள்ளே வந்திருந்தார்கள்.

லாரிக்காரர் ஒரு தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு லிஃப்ட்காரரின் கையைப் பார்த்தார்.

"பிரதர்" என்றார் மெதுவாக, "இது போன மாசம் திருந்தின கை இல்லையே."