பதவிக்கேற்ற ஓட்டை

நாற்காலிக்குக் கை உண்டா, அதன் முதுகில் துண்டு போடலாமா என்பதெல்லாம் அரசாங்க உத்தியோகத்தில் பதவியை வைத்து முடிவாகிற சங்கதி. இதில் யாருக்கும் மனத்தாங்கல் இருந்ததில்லை, எண்பத்து நாலாம் வருஷம் திருவனந்தபுரத்தில் ஒரு மரப்பெட்டி வந்து சேரும்வரை.

பெட்டி வந்தது ஓசை மேம்பாட்டுத் துறைக்கு. அதன் இயக்குநர் நீலகண்டனுக்கு துபாய் மருமகன் ஒரு கார் ஸ்டீரியோவும், சோற்றுத் தட்டளவு ஸ்பீக்கரும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அப்போது ஊரில் அதுதான் மோஸ்தர். பாட்டு காதில் விழுந்தால் போதாது. அடுத்த வீட்டு ஜன்னல் நடுங்கவேண்டும்.

"ஓண ஊர்வலத்துல நம்ம ஆபீஸ் அம்பாசிடர் கும் கும்னு இடிச்சிண்டு போகணும், கேட்டோ," என்றார் அவர், சூப்பிரண்டு நாகேஸ்வரனைக் கூப்பிட்டு. "இடிக்கலேன்னா பொன்முடி ஆபீஸ்ல ஒரு காலியிடம் இருக்கு ஓய்."

பொன்முடி மலையில் அட்டைக்கடி உண்டு, பஸ் அபூர்வம். நாகேஸ்வரனுக்கோ கரமனையில் சொந்த வீடு, வேளாவேளைக்குக் காபி. சாலைக் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிற தாசையனிடம் அன்றே ஓடினார்.

தாசையன் டிக்கியில் அடங்குகிற மாதிரி அந்த மரப்பெட்டியை அடித்து, ஸ்பீக்கரைப் பொருத்தி, பக்கத்தில் கையளவு ஓட்டை போட்டு, உள்ளே ஒரு குழாயும் செருகினார். பாட்டைப் போட்டதும் நாகேஸ்வரன் வயிற்றிலிருந்த இட்லி அதிர்ந்தது. பரம திருப்தி.

இணை இயக்குநர் தாணுமாலயன் வந்து குனிந்து பார்த்தார். "புதுப் பெட்டியில எதுக்குவே ஓட்டை?"

"உள்ள இருக்க காத்து போயிட்டு வரணும் சாரே. இடியே அதுலதான் இருக்கு."

"அப்போ ஓட்டைதான் முக்கியம்?"

தாசையன் பேச்சுக்குத் தலையாட்டிவைத்தார். மறுநாளே தாணுமாலயன் வண்டியிலும் அதே அளவு ஓட்டையோடு ஒரு பெட்டி ஏறிவிட்டது.

நீலகண்டன் அதைச் சுற்றி வந்து பார்த்தார். "அவனுக்கும் எனக்கும் ஒரே ஓட்டையா ஓய்?"

மேற்படி ஓட்டையானது பதவியின் கனத்துக்கு இசைவாக உடனடியாக விரிவாக்கப்படவேண்டியது என்று உத்தரவாயிற்று. விரிந்தது. தாணுமாலயன் அமைச்சருக்கு உறவு, அவரும் விரித்தார். இவர் பப்பாளியளவு அறுத்தால் அவர் பரங்கிக்காயளவு. ஓண ஊர்வலத்துக்கு முந்தின நாள் தாசையன் ரம்பத்தைக் கீழே வைத்தார்.

"இனி அறுக்கணும்னா ஸ்பீக்கரைக் கழட்டணும் சாரே. பலகை இல்ல."

"கழட்டு," என்றார் நீலகண்டன். "ஸ்பீக்கர் கண்டவன்கிட்டயும் இருக்கு."

நாகேஸ்வரன் வீட்டுக்குப் போய்த் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நாளைக்குச் சத்தம் வராதுடி. வேட்டியெல்லாம் எடுத்து வை. பொன்முடியில குளிருமாம்."

ஊர்வலத்துக்குத் தோரணம் கட்ட அவர் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்த ஆபீஸ் வண்டியை மனைவி அனந்தலக்ஷ்மி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "ஏன்னா, அந்த ஓட்டையில ஒரு ஆளே நுழையலாம் போலிருக்கே?"

"நுழைஞ்சு?"

"கோயில்ல செண்டை மேளம் இரவல் தருவா."

ஊர்வலத்தன்று இயக்குநரின் அம்பாசிடர் இடித்த இடியில் பழவங்காடி முக்கில் குடை பிடித்து நின்றவர்களின் குடைகள் தாமாக மடங்கின என்று சொல்கிறார்கள். நான் மூன்று குடைகளைத்தான் பார்த்தேன். முடிந்ததும் அதிகாரிகள் கூடி டிக்கியைத் திறந்தார்கள். உள்ளே முழங்கால் மோவாயில் முட்ட, மடியில் செண்டையோடு நாகேஸ்வரன். வேர்வையில் விபூதி மூக்குவரை வழிந்திருந்தது.

தாணுமாலயன் டிக்கிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"டைரக்டருக்கு ஒரு சூப்பிரண்டே இடிக்கிறார். எனக்கு மட்டும் வெறும் ஸ்பீக்கர். இது என்ன சார் நியாயம்?"

நியாயம் ஒரே வாரத்தில் கிடைத்தது. இயக்குநர் வண்டிக்குச் சூப்பிரண்டு, இணை இயக்குநர் வண்டிக்குத் தலைமைக் குமாஸ்தா, மற்ற வண்டிகளுக்குப் புதிதாக ஆள் எடுப்பது என்று அரசாணை வந்தது. நாகேஸ்வரன் பொன்முடிக்குப் போகவில்லை. பதவி உயர்வு பெற்று டிக்கியிலேயே நிரந்தரமானார். பெட்டிக்குள் முதுகு சாய்கிற இடத்தில் அவருக்கு ஒரு துண்டும் போட்டிருக்கிறது.

சிரிக்கிறீர்கள். புதுக் காலியிடங்களுக்கு விண்ணப்பித்தவர்களின் கியூ இப்போது தம்பானூர் தாண்டி நிற்கிறது. முன்வரிசையில் நிற்பவன் உங்கள் மச்சினன். அவன் கையிலிருக்கிற சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்து உங்களுடையது.